ஆற்றங்கரையிலும் அளவு உண்டு

"தண்ணீர் நம்முடையது, மோட்டாருக்குச் செலவும் நாமே செய்கிறோம். அதுவும் வணக்கத்திற்காகத்தானே? இதில் என்ன கணக்கு?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. இக்கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரில் ஒளுச் செய்தார்கள் எனப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் காண்கிறோம். மத்ஹபுகளின் கணக்கில் சற்று வேறுபாடு இருப்பினும், அது ஏறத்தாழ ஒரு லிட்டருக்கு மேற்படாது. இன்றோ, நிமிடத்திற்கு 6 லிட்டர் கொட்டும் குழாயைத் திறந்துவிட்டு 2 நிமிடம் ஒளுச் செய்தால் 12 லிட்டர் போய்விடும். ஐவேளைக்கு 60 லிட்டர்! உறுப்புகளில் பட்டது கொஞ்சம். சாக்கடைக்குப் போனதே அதிகம்.

ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் விரயம் விரயமே என ஸஅத் (ரலி) அவர்களுக்கு நபிகளார் உணர்த்தியதாக இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உள்ளது. அதன் தொடரில் பலவீனம் உண்டென ஹதீஸ் கலையினர் பலர் கூறுவர். ஆயினும், கடற்கரையில் இருந்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்பதில் உலமாக்கள் ஒருமித்துள்ளதாக இமாம் நவவீ (ரஹ்) எழுதியுள்ளார்கள்.

கடல் நீர் நம்மால் குறைந்துவிடுமா? குறையாது. பின் ஏன் தடை? கிடைக்கிறது என்பதற்காகக் கொட்டிப் பழகிய கை, இறைவனின் நிஃமத்தை மதிக்க மறந்துவிடும். அக்கை பஞ்ச காலத்தில் மட்டும் திருந்திவிடுமா?

சொந்த நீரை விரயம் செய்வது மக்ரூஹ் என்றும், பள்ளிவாசலின் வக்ஃபு நீரை விரயம் செய்வது ஹராம் என்றும் ஃபிக்ஹு நூல்கள் பிரித்துரைக்கின்றன. வக்ஃபு நீர் பிறருடைய அமானத் அல்லவா? அப்படியானால், நம் வீட்டு ஆழ்குழாய்க் கிணற்று நீர் மட்டும் முழுக்க நம்முடையதா? குழாய் நம் மனையில் இறங்கினாலும், நிலத்தடி நீருக்கு வேலியும் சுவரும் கிடையாது. நாம் அளவின்றி இறைத்தால் பக்கத்து வீட்டுக் கிணறும் வற்றும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, சென்னை மக்கள் லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு காத்துநின்றதை எளிதில் மறக்கலாமா?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. குழாயைப் பாதியளவே திறப்போம். தலைக்கு மஸ்ஹு செய்யும்போது மூடிவிடுவோம். வீட்டில் சொம்பில் நீர் எடுத்து ஒளுச் செய்யப் பிள்ளைகளைப் பழக்குவோம். ஒளுச் செய்து வடியும் நீர் நஜீஸ் அன்று; செடிகளுக்குத் தாராளமாகப் பாய்ச்சலாம். ஏமன் நாட்டு ஸன்ஆ நகரில், பள்ளிவாசல்களின் ஒளு நீரைக் கொண்டே பக்கத்துத் தோட்டங்களில் காய்கறி விளைவித்து வந்தார்கள். நம் ஜமாஅத்தார்களும் முத்தவல்லிகளும் மனம் வைத்தால், ஹவுளிலிருந்து வழியும் நீர் நான்கு தென்னைகளையாவது வளர்க்காதா? பள்ளிக் கூரையில் விழும் மழைநீர் நிலத்தினுள் இறங்காதா?

சுத்தம் ஈமானின் பகுதி. அந்தச் சுத்தத்தைத் தேடும்போதே அடுத்தவர் ஹக்கைப் பாழாக்காதிருக்க, வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.