உள்ளே அழைப்பதும் காட்டிக்கொடுப்பதும்

‘உள்ளடக்கிய கல்வி’ என்ற தொடர் எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும். நல்ல நோக்கத்தோடு உருவான கலைச்சொல்தான். ஆனால் ‘அடக்கு’ என்ற வினை அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. பெண்களாகிய நமக்கு அந்த வினையோடு நீண்ட பழக்கம் உண்டு. ‘அடக்கமாக இரு’ என்பதைக் கேட்டுக்கொண்டேதான் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். ஒருவரை உள்ளே சேர்த்துக்கொள்ளும்போது, அதற்கு விலையாக அவரிடம் எதை அடக்கச் சொல்கிறோம் என்று கேட்க இந்தச் சொல்லே இடம் தருகிறது.

ஔவையாரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பாடங்களில் பெண்ணே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சின்ன வகுப்பிலிருந்தே ஔவையார் இருக்கிறார், கையில் கோலும் நரைத்த தலையுமாக, அறிவுரை சொல்லும் பாட்டியாக. ஆத்திசூடியின் ஔவையாரும் சங்கப் பாடல்களின் ஔவையாரும் வெவ்வேறு காலத்தவர்கள் என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். சங்க ஔவையார் அதியமானோடு கள் பகிர்ந்துண்டதைப் பாடியவர். காதலின் தவிப்பை அகப்பாடல்களில் உரக்கச் சொன்னவர். பிள்ளைகளின் மனத்தில் பதிந்த படத்தில் அவர் இல்லை. இளமையையும் இச்சையையும் வாசலில் கழற்றி வைத்தவருக்குத்தான் உள்ளே இடம் கிடைத்தது.

இது புத்தகத்தில் நடப்பது. வகுப்பறையில் நடப்பது இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் அங்கே இருப்பது உயிருள்ள பிள்ளை.

என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்துவிட்டு பி.எட். சேர்ந்த மாணவி ஒருத்தி, கற்பித்தல் பயிற்சி நாட்களில் எழுதிய குறிப்பேட்டைப் படிக்கக் கொடுத்தாள். பி.எட். இரண்டாண்டுப் படிப்பாக மாறியபோது பாலினமும் பள்ளியும் பற்றி ஒரு தாள், உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குவது பற்றி ஒரு தாள் என்று பாடத்திட்டத்தில் வந்தன. இரண்டிலும் நல்ல மதிப்பெண் எடுத்தவள் அவள். எட்டாம் வகுப்பில் உழைப்பின் மதிப்பைப் பற்றி ஒரு பாடவேளை எடுக்க வேண்டியிருந்தது. வழிகாட்டி ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார். வகுப்பில் ஒரு பிள்ளையின் அம்மா தூய்மைப் பணியாளர். அவளை முன்னால் கூப்பிட்டு அம்மாவின் வேலையைப் பற்றிப் பேசச் சொல்லலாம். எல்லாரும் கைதட்டுவார்கள், அவளுக்கும் பெருமையாக இருக்கும்.

அக்கறையோடு சொன்ன யோசனைதான் அது. மாணவி தயங்கினாள். குறிப்பேட்டில் இப்படி எழுதியிருந்தாள்: “கைதட்டல் முடிந்ததும் இடைவேளை மணி அடிக்கும். நான் ஆசிரியர் அறைக்குப் போய்விடுவேன். அவள் அங்கேயே இருப்பாள்.” ஓரத்தில் எனக்காக ஒரு கேள்வி: “உள்ளே அழைப்பதும் காட்டிக்கொடுப்பதும் எந்த இடத்தில் பிரிகின்றன, அம்மா?”

எதற்கு வம்பு, அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டுவிடலாம் என்பது எளிய பதில். பல ஆசிரியர்கள் அப்படித்தான் விடுகிறார்கள். ஆனால் நாம் பேசாமல் விட்ட வகுப்பறையிலும் சாதி பேசிக்கொண்டுதான் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, நிறக் கயிறுகள் கட்டி வரக் கூடாது, பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில.

பதிவேட்டில் மறைக்கச் சொல்வதைப் பாடத்தில் பேசச் சொல்வது முரண் இல்லையா என்று வகுப்பில் மாணவிகள் கேட்கிறார்கள். எனக்கு முரணாகத் தெரியவில்லை. சாதி எப்படி இயங்குகிறது என்ற அறிவு எல்லாருக்கும் பொது; அதை மறைப்பது அநியாயம். ஒரு பிள்ளையின் சாதியும் அவள் வீட்டு நிலைமையும் அவளுடையவை. அதை எப்போது, யாரிடம், எந்தச் சொல்லில் சொல்வது என்பது அவள் உரிமை. பாடத்துக்கு உதாரணம் தேவைப்படுகிறது என்பதற்காக அந்த உரிமையை ஆசிரியர் கையில் எடுத்துக்கொள்ள முடியாது, நல்லெண்ணத்தோடு என்றாலும்.

என் மாணவி அந்தப் பிள்ளையை அழைக்கவில்லை. கரும்பலகையில் கேள்விகளை எழுதினாள். நேற்று இந்த வகுப்பைக் கூட்டியது யார்? தண்ணீர் எடுத்து வந்தது யார்? பள்ளிக் கழிப்பறையைக் கழுவுபவரின் பெயர் என்ன? நேற்று ராத்திரி நீ சாப்பிட்ட தட்டைக் கழுவியது யார்? கூட்டியது பெண் பிள்ளைகள். தட்டைக் கழுவியது அம்மா, அக்கா, பாட்டி. கழிப்பறை கழுவுபவரின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. “அது அவங்க வேலை மிஸ்” என்றான் ஒரு பையன். “அவங்கன்னா யாரு?” என்று கேட்டாள். வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தப் பிள்ளை தன் வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களைப் போலவே தட்டுக் கணக்கைச் சொன்னாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் கூட்டும் முறையில் பையன்களின் பெயரும் சேர்ந்தது. ஒரு பையனின் வீட்டிலிருந்து வந்து சத்தம் போட்டார்கள். பாடம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்படியென்றால் அந்தப் பிள்ளை தன் அம்மாவைப் பற்றிப் பெருமையாகப் பேசும் வாய்ப்பு போய்விட்டதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடும்போது எனக்கு மராத்தியச் சிறுமி முக்தாபாய் நினைவுக்கு வருகிறார். புனேயில் சாவித்திரிபாய் பூலேவும் ஜோதிராவ் பூலேவும் நடத்திய பள்ளியில் படித்தவர். தீண்டாமைக்கு உள்ளான மாங் சாதியில் பிறந்தவர். மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1855இல் ‘ஞானோதயா’ இதழில் வெளிவந்தது. கூரையில்லாமல் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் பெண்களைப் பற்றி அதில் எழுதினார். தங்களை மதத்துக்கு வெளியே நிறுத்தியவர்களைப் பார்த்து நேராகக் கேள்வி கேட்டார். அந்தப் பள்ளி அவருக்கு எழுத்தைக் கொடுத்தது. எதைச் சொல்வது என்பதை அவர் முடிவு செய்தார். முன்னால் நிறுத்தப்பட்ட பிள்ளைக்கும் தானே எழுந்து பேசிய பிள்ளைக்கும் உள்ள தூரம் அதுதான். அப்படி ஒருத்தி எழுந்து பேசுவதற்கு, பேசிய பிறகும் பாதுகாப்பாக இருக்க முடியும் என்ற நம்பிக்கை வேண்டும். அதை முதலில் உண்டாக்க வேண்டியது ஆசிரியரின் வேலை.

பயிற்சி ஆசிரியர்கள் எழுதும் பாடக்குறிப்பில் நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு என்று கட்டங்கள் உண்டு. ஓரத்தில் பென்சிலால் இன்னும் இரண்டு கேள்விகளை எழுதிக்கொள்ளச் சொல்வேன். இந்தப் பாடவேளையில் யாரை எல்லாரும் பார்க்கப் போகிறார்கள்? மணி அடித்த பிறகு அவளுக்கு என்ன ஆகும்?