சூரன் சேவலானான்... உங்க போன்?

ஓம் சரவணபவ! 

மாசத்துல ஒரு வாரம் எனக்கு ஆன்-கால் டியூட்டி. சர்வர்ல பிரச்சினைன்னா ராத்திரி எந்நேரமும் போன் அலறும். இந்த வேலை பார்க்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க: போன் அடிக்காத ராத்திரியிலயும் தூக்கம் வராது. பாக்கெட்ல போனே இல்லாதப்பவும் அதிர்ற மாதிரி இருக்கும். ஆக, மன அழுத்தம் வேலையால மட்டும் வர்றதில்ல. "இப்ப வந்துடுமோ" என்ற காத்திருப்பாலயும் வருது.

இதுக்கு ஐ.டி. வேலைதான் வேணும்னு இல்ல. ரிசல்ட்டுக்காக ரெஃப்ரெஷ் பண்ற தம்பி, ப்ளூ டிக் வந்தும் பதில் வராம தவிக்கிற தங்கை, எல்லாருமே ஆன்-கால்லதான் இருக்கோம்.

சூரபத்மன் கடைசியில மாமரமா நின்னான். வேல் அவனை ரெண்டாப் பிளந்தது. ஆனா பெருமான் அவனை அழிக்கல. ஒரு பாதி மயில், வாகனமாச்சு. மறுபாதி சேவல், கொடியாச்சு. அதே சூரன்தான், அதே பலம்தான். யார் கட்டுப்பாட்டுல யார் என்பதுதான் மாறிச்சு.

போனையும் தூக்கிப் போட வேண்டாம். படிப்பு, சம்பளம், இந்தப் பதிவு எல்லாம் அதுலதான் வருது. நாம அதை ஓட்டுறோமா, அது நம்மள ஓட்டுதா என்பதுதான் கேள்வி.

எங்க துறையில ஒரு பாடம் உண்டு. அலர்ட் அதிகமானா, நிஜமான ஆபத்து வரும்போது யாரும் கவனிக்க மாட்டாங்க. உடனே செய்ய வேண்டிய வேலை இருந்தா மட்டும்தான் ஒருத்தரை எழுப்பணும். கந்தனோட சேவல் விடியலைச் சொல்லக் கூவுது. நம்ம போன் எதுக்கெல்லாம் கூவுது?

2022 டிசம்பர்ல, கோயில்களுக்குள்ள செல்போனுக்குத் தடை போடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. எந்தக் கோயில் வழக்குல தெரியுமா? சூரசம்ஹாரம் நடந்த திருச்செந்தூர்! 2023 அக்டோபர்ல பழனியிலயும் தடை வந்துச்சு. போனைக் கொடுத்துட்டு மலையேறும்போது முதல்ல கை தானா பாக்கெட்டுக்குப் போகும். கொஞ்ச நேரத்துல, பக்கத்துல காவடி தூக்கிட்டு வர்றவரோட மூச்சு நம்ம காதுல விழும். அந்த அமைதியைக் கீழேயும் கொண்டு வரலாம்.

இன்னிக்கே மூணு காரியம் செய்யுங்க:

1. போன் கால் தவிர மத்த நோட்டிஃபிகேஷனை அணைச்சிடுங்க. நம்ம குரூப்பையும் மியூட் பண்ணுங்க, முருகன் கோச்சுக்க மாட்டார்!

2. கவசத்தைப் போன்ல பார்த்துப் படிக்கிறவங்க அந்நேரம் ஏரோபிளேன் மோட் போடுங்க.

3. படுக்கும்போது போன் வேற ரூம்ல இருக்கட்டும். வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லன்னா மட்டும் பக்கத்துல வைங்க; அது கடமை.

மத்த ராத்திரிகள்ல நிம்மதியாத் தூங்குங்க. நமக்காக எப்பவும் ஆன்-கால்ல இருக்கிறவன் அந்த வேலவன் ஒருத்தன் போதும்.

இதைப் பத்து பேருக்கு அனுப்பணும்னு கட்டாயம் இல்ல. படிச்சிட்டுப் போனைக் கீழ வச்சா அதுவே போதும்.

வேலும் மயிலும் துணை. முருகா சரணம்! 🙏