அபயதானமும் விழிப்பும்



ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என நால்வகைத் தானங்களை நம் ஆசாரியர்கள் இல்லறத்தார்க்கு வகுத்தருளினர். முதல் மூன்றையும் நாம் இயன்றவரை ஆற்றி வருகிறோம். அஞ்சிய உயிரின் அச்சம் தீர்க்கும் அபயதானத்தையோ, கொல்லாதிருத்தல் என்னும் அளவில் நிறுத்திக்கொள்கிறோம். அவ்வளவில் அது நிறைவுறுமா?

சுவிட்சர்லாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே லெமான் என்னும் பேரேரி உள்ளது. ஜெனீவா ஏரி என்றும் அதனை வழங்குவர். பரப்பு ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டர். ஆழம் 300 மீட்டருக்கும் மேல். திடீரெனக் காற்றெழுந்தால் அமைதியான நீர் அலைகடலாகிவிடும். அங்குத் தத்தளிப்போரைக் காக்க 1885ஆம் ஆண்டு ஒரு மீட்புச் சங்கம் தோன்றியது. இரு நாட்டுக் கரைகளிலும் அதற்கு நிலையங்கள் உள. அவற்றின் படகுகளைச் செலுத்துவோர் ஊதியம் பெறாத தொண்டர்களே. அழைப்பு வந்ததும் தொழிலையும் உறக்கத்தையும் விட்டு விரைகின்றனர்.

அவர்தம் இரக்கம் போற்றத்தக்கது. அவர்தம் விழிப்போ அதனினும் போற்றத்தக்கது. அவ்வேரிக்கரையில் எச்சரிக்கை விளக்குகள் உள்ளன. நிமிடத்திற்கு 40 முறை மின்னினால் கவனம் வேண்டும். 90 முறை மின்னினால் புயல் நெருங்கிற்று. தொண்டர்களோ புயல் வரும்வரை காத்திராமல், தெளிந்த நாளிலேயே படகோட்டவும் கயிறு எறியவும் பயில்கின்றனர். பயிலாதவன் இரக்கத்தால் மட்டும் உந்தப்பட்டு நீரில் குதித்தால், மூழ்குவோன் அவனைப் பற்றிக்கொள்ள, இருவரும் மாள நேரும்.

சோர்வுற்ற மனத்தினால் உயிர்க்கு ஊறு நேர்தலையே தத்துவார்த்த சூத்திரம் இம்சை என வரையறுக்கிறது. திருக்குறளும் பொச்சாவாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்துள்ளது. ஆதலின் விழிப்பில்லாத இரக்கம் முழுமையான அகிம்சை ஆகாது.

நம் ஊர்களிலும் குளங்கள் உண்டு, ஏரிகள் உண்டு, அவற்றில் விளையாடும் சிறுவர் உண்டு. சிறுவர்க்கு நீச்சல் கற்பிப்போம். கரையில் நீண்ட கயிறும் கழியும் மிதவையும் என்றும் இருக்கச் செய்வோம். நீந்தி மீட்கப் பயிலாதார் குதியாது, கரையில் நின்றே கயிறு எறிந்தும் கழி நீட்டியும் காக்க வேண்டும் என்பதை இளைஞர்க்கு உணர்த்துவோம். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. முன்னரே எண்ணும் மனமே வேண்டும்.

பிறவிக் கடலைக் கடக்கத் துறை அமைத்தருளியவர்களையே நாம் தீர்த்தங்கரர் எனத் தொழுகிறோம். அவர்தம் அடியார் வாழும் ஊரின் நீர்த்துறை, ஓர் உயிரும் அஞ்ச வேண்டாத துறையாக விளங்கட்டும்.

அறம் வளர்க!