தழைத்தலின் கணக்கு

காலத்துக்கேற்ப மாறிக்கொள்ளும் ஆற்றலை ஒரு பெரும் நற்குணமாகப் போற்றுவது இன்றைய வழக்கம். கொள்ளைநோய் வந்தது, கடைகள் மூடின, வண்டிகள் நின்றன, ஆனால் இன்ன தொழில் சோர்ந்துவிடாமல் வழியை மாற்றிக்கொண்டு முன்னிலும் பெரிதாக வளர்ந்தது என்று சொன்னால், கேட்பவர் முகம் மலர்கிறது. ஏழைகளுக்கு உதவுவதற்கென்றே தொடங்கிய சிறு தொழிலாக அது இருந்துவிட்டால் பாராட்டுக்கு அளவேயில்லை. நாமும் பாராட்டவே விரும்புகிறோம். எனினும் தேயிலை மலைகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவரும் நமக்கு, பாராட்டுவதற்கு முன் ஒரு கேள்வி எழுகிறது. மாறிக்கொண்டதற்கு விலை கொடுத்தவர் யார்?

இக்கேள்வி இம்மலைகளுக்குப் புதிதன்று. இன்று நாம் காணும் மலைநாடே ஒரு கொள்ளைநோய்க்குப் பின் உருவானது. செடிக்கு வந்த நோய் அது. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் காப்பி இலைகளில் துருப்பிடித்தாற்போல் ஒரு பூஞ்சணம் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தொழில் அழிந்தது. லூல்கந்துரையில் 1867இலேயே ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். துரைமார் பலர் கடனில் மூழ்கித் தோட்டத்தைக் கைவிட, எஞ்சியவர்கள் காப்பியைப் பிடுங்கிவிட்டு அவர் வழியைப் பற்றிக்கொண்டனர். இதை ஊக்கத்தின் வெற்றியாக எழுதியவர்கள் உண்டு. முறிந்துபோன தோட்டங்களில் தொழிலாளரின் சம்பள நிலுவை மாதக்கணக்கில் கிடந்ததை அவர்கள் அடிக்குறிப்பிலேனும் எழுதினார்களா? காப்பி பருவத்துப் பயிர். பழம் பறித்து முடிந்தால் ஊர் திரும்பலாம். தேயிலையோ ஆண்டு முழுவதும் கை கேட்கும் செடி. ஆகவே வந்துபோய்க் கொண்டிருந்த மக்கள் லயங்களில் நிலையாக அடைக்கப்பட்டனர். தொழில் தன்னை மாற்றிக்கொண்டது என்கிறார்கள். மாற்றப்பட்டவையோ திருச்சி, மதுரைச் சீமைகளிலிருந்து வந்த குடும்பங்களின் வாழ்நாட்கள்.

2020க்கு வருவோம். மார்ச் 20ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு பிறந்தது. தேயிலைத் தோட்டங்கள் இயங்க அனுமதி அளிக்கப்பட்டது. 1883 முதல் ஆட்கள் கூடி நடத்திவந்த கொழும்புத் தேயிலை ஏலம், ஏப்ரல் 4ஆம் நாள் கணினித் திரைக்கு மாறியது. விலை கூறுவோர் இருந்த இடத்திலிருந்தே விலை கூறினர். பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலையேறும் பெண்ணுக்கு அப்படி இருந்த இடத்திலிருந்து கொழுந்து பறிக்க வழியில்லை. கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்த அவள் பிள்ளைகள் வேலையிழந்து திரும்பி வந்து, பத்தடி அறைக்குள் ஒடுங்கினர்.

2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது கெடுதி நடந்து முடிந்திருந்தது. 30 கோடிக் கிலோவை ஒட்டியிருந்த நாட்டின் தேயிலை விளைச்சல் 2022இல் 25 கோடியளவுக்கு இறங்கியது. ஆனால் ரூபாவின் மதிப்பு வீழ்ந்ததால், 2021இல் கிலோவுக்குச் சராசரியாக 620 ரூபா அளவில் ஏலம்போன தேயிலை மறு ஆண்டில் அதைப்போல் இரு மடங்கு விலை பெற்றது. உணவுப் பொருள்களின் விலையும் 2022 செப்டெம்பரில் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ இரு மடங்காயிற்று. நாட்சம்பளம் மட்டும் 2024 வரை அந்த 1000 ரூபாவிலேயே நின்றது. உரமும் எரிபொருளும் விலையேறின என்று கம்பனிகள் கூறுவது பொய்யன்று. ஆனால் தேயிலைக்கும் ரொட்டி மாவுக்கும் விலை ஏறும்போது, ஒன்றைப் பறித்து மற்றொன்றை வாங்கும் கைக்கு மட்டும் விலை ஏறாதிருந்தால், எந்தச் சமநிலை காக்கப்படுகிறது?

இச்சூழலில்தான் 'வருமானப் பங்கீடு' என்ற சொல் மலைநாட்டில் உரத்து ஒலிக்கத் தொடங்கியது. தோட்ட முதலாளிமார் கூறும் பங்கீடு இது: தேயிலைத் தூர்களில் ஒரு பகுதியைக் குடும்பத்திடம் ஒப்படைப்பார்கள், குடும்பமே களை பிடுங்கி, உரமிட்டு, கொழுந்து பறித்துத் தொழிற்சாலைக்குக் கொடுக்கவேண்டும், கம்பனி கொடுத்த உரம் முதலியவற்றின் விலையைக் கழித்துக்கொண்டு மீதி வரும். நாட்சம்பளம் கிடையாது. தொழிலாளி இனிக் கூலியல்லன், தொழில்முனைவோன் என்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. நிலம் கம்பனியின் கையில். கொழுந்தின் விலையைச் சொல்வது தொழிற்சாலை. மழை பொய்த்தால், விலை சரிந்தால் அந்த நட்டம் மட்டும் குடும்பத்தின் சொந்தம். ஊழியர் சேமலாப நிதியின் கதி என்ன என்பதற்குத் தெளிவான விடையில்லை. கங்காணியின் 'துண்டு' முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கடனைத் தலையில் ஏற்றிவிட்டு மனிதனைச் சுதந்திரன் என்று அழைக்கும் கலை அத்துடன் ஒழிந்துவிடவில்லை.

இதே சொல்லுக்கு வேறொரு பொருளும் இருக்கக் காண்கிறோம். நமது மலைகளுக்குக் கிழக்கே, ஊவாவில், எல்ல நகருக்கு அண்மையில் அம்பா என்றொரு சிறு தோட்டம் உண்டு. 2006 முதல் புதிதாக நடத்தப்படுவது. கையால் உருட்டிய தேயிலை, ஜாம், காப்பி, வருவோர்க்குத் தங்குமிடம் எனப் பலவற்றால் வருவாய் தேடுகிறது. மொத்த வருமானத்தில் பத்திலொரு பங்கைச் சம்பளத்துக்கு மேலாகத் தொழிலாளர்க்குப் பகிர்வது அங்கு வழக்கம். வாசகர் இதில் இரண்டு சொற்களைக் கவனிக்கவேண்டும். 'சம்பளத்துக்கு மேலாக' என்பது ஒன்று; சம்பளத்துக்குப் பதிலாக அன்று. 'மொத்த வருமானத்தில்' என்பது மற்றொன்று; இலாபத்தில் அன்று. இலாபத்தைக் கணக்கப்பிள்ளையின் பேனா ஒரே இரவில் இல்லாமற் செய்துவிடலாம். வந்த பணத்தை அவ்வளவு எளிதாக மறைக்க இயலாது. விமான நிலையம் 2020 மார்ச் முதல் 2021 ஜனவரி வரை உல்லாசப் பயணிகளுக்கு மூடியிருந்தபோது, விருந்தினரை மட்டும் நம்பியவர் வாசல் அடைபட்டது. இலையும் பழமும் வைத்திருந்தவர்க்கு இன்னொரு வாசல் இருந்தது. பலதொழில் செய்வதில் உள்ள நன்மை இது. எனினும் அம்பாவைச் சொர்க்கமாக்கிக் காட்ட நமக்கு எண்ணமில்லை. உடைமையாளர் தாமாக ஏற்றுக்கொண்ட ஒழுங்கு அது, சட்டமன்று. நல்ல மனம் மாறிவிட்டால் பத்திலொரு பங்கும் மாறிவிடும்.

இனி இன்னும் சிறிய ஒன்றை எண்ணிப்பார்ப்போம். பொகவந்தலாவையில் ஒரு லயத்தைச் சேர்ந்த பத்துப் பெண்கள் இரண்டு தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு ஊரடங்குக் காலத்தில் முகக்கவசம் தைத்தார்கள் என்று கொள்வோம். நோய் அடங்கியதும் முகக்கவசத்தை வாங்க ஆளில்லை. பள்ளிப் பைகளுக்கும் கொழுந்துக்காரிகள் இடுப்பில் கட்டும் படங்குகளுக்கும் மாறினார்கள். அதுவரை நல்லது. ஹட்டன் நகரத்து வியாபாரி ஒருவர் வந்து, ஒரே மாதத்தில் 500 சீருடைகள் வேண்டும் என்கிறார். பத்துப் பேரால் ஆகாது. அண்டைத் தோட்டத்துப் பெண்கள் இருபது பேரிடம் துண்டுக் கூலிக்குத் துணியைக் கொடுத்து வாங்கினால் வேலை முடியும். பத்துப் பேருக்கும் கை நிறையும். அந்த இருபது பேரையும் உறுப்பினராக்கிக்கொண்டு, பழக்கி, சம பங்கு கொடுப்பதாயின் மாதம் போதாது. வியாபாரி வேறிடம் போய்விடுவார்.

எது சரி? முதல் வழியில் போனால், முப்பது குடும்பங்களில் அடுப்பெரிகிறது; ஆனால் இருபது பேருக்கு மேல் பத்துக் கங்காணிகள் உண்டாகிறார்கள், பெண்களாக இருந்தாலும் கங்காணிகள்தாம். இரண்டாம் வழியில் கொள்கை காப்பாற்றப்படுகிறது, அடுப்பு எரியவில்லை. பசித்த பிள்ளைகளை வகுப்பில் நாள்தோறும் பார்க்கும் நமக்கு, அடுப்பெரியாத கொள்கையைப் புகழ நா எழவில்லை. ஆயினும் முதல் வழியை வளர்ச்சி என்று அழைக்கவும் மனம் ஒப்பவில்லை. பத்துப் பேர் நன்றாக வாழ்வது அத்தொழிலின் நோக்கமாக இருந்தால் அதை ஒரு சிறு கடை என்று சொல்லிவிட்டுப் போகலாம், அதில் இழிவொன்றுமில்லை. சமுதாயத் தொண்டு என்ற பெயரையும் சேர்த்துக் கேட்டால்தான் வழக்கு வருகிறது.

சிறியவர்கள் தனித்து நின்று இவ்வழக்கைத் தீர்க்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதே ஒரு கொடுமை என்பது நம் கருத்து. கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீப் பெண்கள் குழுக்களைப் பாருங்கள். 2020இல் அவர்கள் முகக்கவசம் தைத்தார்கள். சமுதாயச் சமையற்கூடங்களை நடத்தினார்கள். 20 ரூபாய்க்குச் சாப்பாடு போடும் மக்கள் உணவகங்கள் ஆயிரத்துக்கு மேல் எழுந்தன. பின்னால் அரசு இருந்தது. ஒரு சாப்பாட்டுக்கு 10 ரூபாய் உதவித்தொகை தந்தது. 2023இல் அவ்வுதவி நிறுத்தப்பட்டது. சாப்பாடு 30 ரூபாயாயிற்று. கூடிய பத்து ரூபாயைச் சுமந்தவர் அங்கே உண்ண வந்த கூலியாளர். அரசின் தோள் இருந்தவரை வளர்ச்சிக்கு விலை கொடுத்தது பொதுப்பணம். தோள் விலகியதும் அது பசித்தவன் மடிக்கு இறங்கியது. மலைநாட்டுப் பெண்களுக்கு அந்தத் தோளும் இல்லை. இயந்திரம் வைக்கக் குடியிருக்கும் அறையே அவர்களுடையதன்று; ஈடு காட்ட நிலமில்லாதவரைத் தேடி நுண்கடன்காரரே முதலில் வருகிறார். ஏழு பேர்ச் நிலத்துக்கு உறுதிப்பத்திரம் பெற்ற குடும்பங்கள் இன்னும் சிறுபான்மையே.

ஆகவே ஒரு குழு கொள்ளைநோய்க்குப் பின் எவ்வளவு விற்றது என்று கேட்பதற்கு முன், வேறு சில செய்திகளை நாம் கேட்டறிய வேண்டியிருக்கிறது. வருவாய் நின்ற மாதத்தில் முதலில் யாருடைய பங்கு வெட்டப்பட்டது? மீண்டும் வந்தபோது அதை யாருக்கு முதலில் திருப்பிக் கொடுத்தார்கள்? கடைசியாகச் சேர்ந்தவளுக்குக் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க உரிமையுண்டா? அதைத் தமிழில் எழுதியிருக்கிறார்களா? இவற்றுக்கு விடை ஒரு சீ. ஆர். கொப்பிக்குள் அடங்கும். வாரம் ஒருமுறை, எழுத்தறியாத தாய்மார் காதிலும் விழும்படி அதை உரக்க வாசிக்க, நம்மிடம் கணக்கீடு படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி போதும். வரவுப் பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடாமல், வேலையில்லாத மாதங்களின் பக்கத்தையும் புரட்ட அவளுக்கு நாம் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.