நடத்தையின் காரணமும் கருணையின் பயிற்சியும்

அறிவுத்திறன் குறைபாடுடைய ஒருவர் தம் தலையைச் சுவரில் மோதிக்கொள்வதற்கும் உடனிருப்பவரின் கையைக் கடிப்பதற்கும் காரணம் உண்டா என்ற கேள்வி மருத்துவத்தோடு முடிந்துவிடுவதன்று. நம் சமய மரபில் வேரூன்றிய எளிய மனம் இதற்கு நெடுங்காலமாக இரண்டு விடைகளை வைத்திருக்கிறது. இது முன்வினைப் பயன் என்பது ஒன்று. இவர்கள் கள்ளமறியாத் தெய்வக் குழந்தைகள் என்பது மற்றொன்று. முன்னது கடுமையாகவும் பின்னது கனிவாகவும் தோன்றினாலும், அச்செயலுக்கு இன்று, இந்த அறையிலேயே ஒரு காரணம் இருக்கக்கூடும் என்பதை விசாரிக்காமல் கடந்துபோவதில் இரண்டும் ஒன்றே.

நேர்முக நடத்தை ஆதரவு என்று சொல்லப்படும் முறை அந்த விசாரணையிலிருந்துதான் தொடங்குகிறது. தண்டனையாலும் வலியாலும் நடத்தையைத் திருத்த முயன்ற பழைய முறைகளுக்கு எதிர்வினையாக 1980களில் அமெரிக்காவில் உருவான இது, எந்த நடத்தையும் ஒரு தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் வழி என்று கொள்கிறது. அத்தேவை ஒருவரின் கவனத்தைப் பெறுவதாகவோ, விரும்பிய பொருளை அடைவதாகவோ, பிடிக்காத ஒன்றிலிருந்து விலகுவதாகவோ, உடலுக்குள் எழும் ஓர் உணர்வைத் தணிப்பதாகவோ இருக்கலாம். ஆகவே பயிற்சி பெறும் பராமரிப்பாளர் முதலில் கற்பது அடக்குவதை அன்று, குறித்துவைப்பதை: நிகழ்வுக்கு முன் என்ன நடந்தது, நிகழ்ந்தது என்ன, அதன்பின் சுற்றியிருந்தோர் என்ன செய்தனர் என்ற மூன்றையும் நாள்தோறும் எழுதிவைக்கிறார். கோயில் உற்சவத்தின் ஒலிபெருக்கி முழங்கும் நாட்களில் மட்டும் ஓர் இளைஞர் தம் கையைக் கடித்துக்கொள்கிறார் என்பதும், கடித்தவுடன் அவரை உள்ளறைக்கு அழைத்துச் செல்கின்றனர் என்பதும் அந்த ஏட்டில் தெரியவந்தால், பிடிவாதம் எனப்பட்டது ஒரு வேண்டுகோள் என்பது விளங்கிவிடும். பிறகு செய்ய வேண்டியது, கடிப்பதற்குப் பதிலாக ஒரு படஅட்டையை எடுத்து நீட்ட அவருக்குக் கற்றுத்தருவதும், அட்டை நீட்டப்பட்ட உடனே தவறாமல் உள்ளே அழைத்துச் செல்வதுமாகும். இவற்றுள் இரண்டாவதே கடினம்.

கேரளத்தின் திருவனந்தபுரத்தில் இம்முறை அயல்நாட்டுச் சரக்காகத் தோன்றத் தேவையில்லை. அறிவுத்திறன் குறைபாடுடையோர்க்கான அரசு நிறுவனம் அமைந்துள்ள பாங்கப்பாறைக்கு வெகு தொலைவில்லாத செம்பழந்தியில் 1856இல் பிறந்த துறவி நாராயண குரு, 1897இல் இயற்றிய ஆத்மோபதேச சதகத்தில், எல்லோரும் எப்போதும் எவ்விதத்திலும் தம் சுகத்துக்காகவே முயல்கின்றனர் என்றும், உலகில் உள்ள ஒரே மதம் இதுவே என்றும் கருத்துரைக்கிறார். இந்த ‘எல்லோரும்’ என்பதிலிருந்து பேசவியலாத ஒருவரை விலக்க வழியில்லை; அவருடைய கடியும் சுகத்தைத் தேடும் முயற்சியே. குருவின் நோக்கம் அத்வைதம், உளவியலன்று. ஆயினும் முன்வினைக் கொள்கை மூடிவிட்ட கதவை இக்கருத்து திறக்கிறது.

எனினும் ஒரு மறுப்பு எழுகிறது. எந்த நடத்தை திருத்தத்தக்கது என்று முடிவு செய்பவர் யார்? ஒருவர் உடலை முன்னும் பின்னும் அசைத்தபடி அமர்ந்திருப்பதால் யாருக்கும் கேடில்லை, பார்ப்பவர்க்குத்தான் சங்கடம். அதையும் நிறுத்த முற்படும் ஆதரவு, இனிய குரலில் நடக்கும் ஆதிக்கமே. ஆதலின் எதில் தலையிடக் கூடாது என்பதையும் கற்பிக்காத பயிற்சி பாதிப் பயிற்சிதான். மறுபுறம், பயிற்சியும் மேற்பார்வையும் குன்றிய இடத்தில் நிகழ்வதையும் உலகம் கண்டிருக்கிறது: இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கு அருகே விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் பணியாளர்கள் அறிவுத்திறன் குறைபாடுடைய நோயாளிகளைத் துன்புறுத்தியதை 2011இல் பிபிசி தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது, பதினொருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர், அவர்களுள் அறுவர் சிறை சென்றனர்.

கருணை பயிற்சியால் வருமா என்பது இதனினும் ஆழமான ஐயம். நாராயண குருவே 1914இல் இயற்றிய அனுகம்பா தசகத்தில் கருணையை இறைவனிடம் வரமாகத்தான் வேண்டுகிறார். திருக்குறளோ அன்புடைமையை இல்லறத்திலும் அருளுடைமையைத் துறவறத்திலும் வைக்கிறது. கூலிக்கு வேலை செய்யும் ஆயா உறவினரும் அல்லர், துறவியும் அல்லர். அவரிடம் எந்த அறத்தை எதிர்பார்ப்பது? இதற்கு விடை இவ்வாறு அமையலாம்: பயிற்சி அருளை உண்டாக்குவதில்லை, அதை மறைக்கும் அச்சத்தையும் களைப்பையும் குறைக்கிறது. கடி எப்போது வரும், ஏன் வரும் என்று அறிந்தவர் அஞ்சுவது குறைவு. அஞ்சாதவர் கை ஓங்குவதும் அரிது.

அப்படியானால் பயிற்சி யாருக்கு முதலில் சேர வேண்டும் என்பதும் தெளிவாகிறது. கேரளத்தில் உள்ளாட்சிகள் குடும்பஸ்ரீ என்னும் மகளிர் அமைப்போடு சேர்ந்து அறிவுத்திறன் குறைபாடுடையோர்க்காக நடத்தும் பட்ஸ் பள்ளிகளில் முதலாவது, திருவனந்தபுரம் மாவட்டத்தின் வெங்கானூரில் 2004இல் தொடங்கப்பட்டது. அத்தகைய பள்ளிகளில் சிறப்பு ஆசிரியர் முறையாகப் படித்து வருகிறார், ஆனால் ஊட்டுவதும் கழுவுவதும் ஆயாவின் வேலை, மாலைக்குப் பின் எல்லாம் தாயின் வேலை. முழுநேரமும் பராமரிப்போர்க்கு ஆசுவாசகிரணம் திட்டத்தின்கீழ் கேரள அரசு மாதம் 600 ரூபாய் வழங்குவது, தொகை சிறிதெனினும், அவர்கள் செய்வதை உழைப்பாக ஏற்றுக்கொண்டதன் அடையாளம். அந்த ஏற்பு முழுமை பெற, குறிப்பேடு எழுதும் கலையை ஆசிரியர்க்குக் கற்பிக்கும் அதே நாளில் ஆயாவுக்கும் தாய்க்கும் மலையாளத்திலும் தமிழிலும் கற்பிக்க அரசும் நிறுவனங்களும் முன்வர வேண்டும்.