பழுதுபட்ட நினைவின் சாட்சியம்

சுயவிமர்சனம் என்ற சொல்லை நாம் ரொம்பவும் மலிவாக்கிவிட்டோம். தன் தொகுப்பின் முன்னுரையில் தானே இரண்டு குறைகளை ஒப்புக்கொண்டுவிட்டால் கவிஞனின் கடமை தீர்ந்தது. தன் பிரக்ஞையின் பழுதை அதே பிரக்ஞையைக் கொண்டு ஒருவன் அறிய முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கேள்வியில், தத்துவப் புத்தகங்களைவிட எனக்கு உதவியது பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றைப் பழுதுபார்க்கும் முறை.

1982-ல் வெளிவந்த கமோடோர் 64-ஐச் சொல்கிறேன். அதன் ஆரம்பகால போர்டுகளில் நினைவகம் எட்டுச் சில்லுகளாக இருக்கிறது. ஓர் எழுத்துக்கு எட்டு பிட். சில்லுக்கு ஒரு பிட். ஆக, எந்த எழுத்தும் எந்தச் சில்லிலும் முழுசாக இல்லை. ஒரு சில்லு செத்தால் எட்டில் ஒரு பங்கு எழுத்துகள் தொலைவதில்லை. ஒவ்வோர் எழுத்துமே ஒரு பிட் அளவுக்கு நம்பத் தகாததாகிவிடுகிறது. மறதி என்றால் சில விஷயங்கள் விட்டுப்போவது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஸ்விட்சைப் போட்டதும் மெஷின் தன் நினைவகத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது. ஓரிடத்தில் ஒரு மதிப்பை எழுதி, திரும்பப் படித்து, ஒத்திருந்தால் அடுத்த இடத்துக்குப் போகிறது. முடிவில் 38911 பைட்டுகள் காலி என்று திரையில் அறிவிக்கிறது. ஆனால் எந்த இடம்வரை வந்தோம் என்ற கணக்கை வைத்திருப்பதும் அதே நினைவகத்தில்தான். சில்லு பழுதென்றால் கணக்கே பிசகிப்போகும்; திரை கறுப்பாகவே நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. 1-லேயே சிக்கிக்கொண்ட பிட்டில் 1 எழுதிக் கேட்டால் சரியான பதில்தான் வரும். 0 எழுதியும் கேட்க வேண்டும். மெஷின் முதலில் 01010101 எழுதுகிறது. பிறகு அதையே ஓரிடம் இடப்புறம் நகர்த்தி எழுதுகிறது. நகர்த்தும்போது முந்தைய ஒப்பீட்டில் மிஞ்சிய 1 ஒன்று வலது ஓரத்தில் நுழைந்துவிடுவதால் கிடைப்பது 10101011. கடைசி பிட்டுக்கு இரண்டு தடவையும் ஒரே கேள்வி. நினைவகம் எங்கே முடிகிறது என்று அளப்பதற்கே ஏற்பட்ட சோதனை இது என்பதால் பெரிய குற்றமில்லை. எதிர்க்கேள்வியும் கேட்டாயிற்று என்ற அந்த நிம்மதிதான் எனக்குப் பரிச்சயமாகத் தோன்றுகிறது.

பாங்கில் வவுச்சர் எழுதியவனே அதைப் பாஸ் பண்ணக் கூடாது. நாணயத்தைச் சந்தேகித்து மட்டும் வைத்த விதியல்ல. 67-ஐ 76 என்று எழுதிய கண், மறுபடி பார்க்கும்போதும் 67 என்றே படிக்கும்.

சர்வீஸ் ஆட்களுக்காகக் கமோடோர் கம்பெனியே 'டெட் டெஸ்ட்' என்றொரு கார்ட்ரிட்ஜ் செய்தது. செருகியதும் அது மெஷினின் சொந்த நிரந்தர நினைவை ஒதுக்கிவிட்டுத் தன் புரோகிராமை ஓட்டுகிறது. நினைவகத்தைச் சோதித்து முடிக்கும்வரை அதை நம்புவதில்லை. ஒரு துணைவேலைக்குப் போய்த் திரும்புவதென்றால்கூடத் திரும்ப வேண்டிய இடத்தை நினைவகத்தில் குறித்துவைத்தாக வேண்டும். ஆகவே அது எங்கும் போவதில்லை. பிராஸஸருக்குள் உள்ள சில ரெஜிஸ்டர்களை மட்டும் வைத்துக்கொண்டு நேராக நடக்கிறது. எழுத்துப் போட்டுச் சொல்ல வழியில்லாததால் திரையை மின்னவைக்கிறது. மின்னலின் எண்ணிக்கை எந்தச் சில்லு என்பதைக் காட்டும்.

விமர்சகன் என்றால் இவனல்லவா என்று சொல்லிவிட ஆசைதான். ஆனால் கார்ட்ரிட்ஜும் அந்த மெஷினின் பிராஸஸரைக் கொண்டுதான் யோசிக்கிறது. அது செத்திருந்தால் மின்னலே வராது. வெளியிலிருந்து வரும் விமர்சகனும் நம் பாஷையில்தானே பேசியாக வேண்டும்? தவிர, கோளாறின் மூலம் உள்ளேதான் இருக்க வேண்டுமென்பதும் இல்லை. மூப்படைந்த பவர் சப்ளை 5 வோல்ட்டுக்கு மேல் கொடுக்க ஆரம்பித்து, நல்ல சில்லுகளைத் தீய்த்துவிடுவது உண்டு. தெரிந்தவர்கள் மெஷினோடு இணைக்கும் முன்பே அதற்கு மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள். போட்டுத்தான் பார்ப்போமே என்ற ஆர்வம் மிச்சமிருப்பதையும் கொன்றுவிடும். நம் சுயவிமர்சகர்கள் குற்றத்தை உள்ளே தேடுகிற வேகத்தில், என்ன மின்சாரம் வந்துகொண்டிருந்தது என்று கேட்பதேயில்லை.

மின்னலை எண்ணிய பிறகும் சில்லை உடனே பிடுங்கிவிடுவதில்லை. விரல் வைத்துச் சூடு பார்க்கிறார்கள். நல்ல சில்லு ஒன்றை, கால்கள் பொருந்தும்படி அதன் முதுகின் மேல் ஏற்றிவைத்துப் பார்க்கிறார்கள். மெஷின் விழித்துக்கொண்டால் அநேகமாகக் கீழே இருப்பதுதான் பழுது. விழிக்காவிட்டால் அது நல்ல சில்லு என்று ஆகிவிடாது. கீழே இருப்பது மேலே இருப்பதன் குரலையும் சேர்த்து அமுக்கிக்கொண்டிருக்கலாம்.