வாசலில் இருவர்



வீட்டுக்கு ஒரு வாசல் வைத்த நாள் முதலாகவே மனிதனுக்கு இரண்டு கவலைகள் ஏற்பட்டுவிட்டன. வருகிறவனை உபசரிப்பது எப்படி என்பது ஒன்று, வரக்கூடாதவனைத் தடுப்பது எப்படி என்பது மற்றொன்று. முதல் கவலைக்காக நம் முன்னோர் திண்ணை கட்டினார்கள். இரண்டாவதற்காக நாய் வளர்த்தார்கள். யார், எவர் என்று கேட்பாரில்லாமல் வழிப்போக்கன் ஓர் இராப்பொழுது தலைசாய்த்து எழுந்து போக இடம் கொடுத்த அதே வீட்டின் கொல்லையில், அந்நியன் காலடியோசைக்குக் காதை நிமிர்த்திக்கொண்டு ஒரு நாய் படுத்திருந்தது. இவை ஒன்றுக்கொன்று விரோதம் என்று எவரும் கருதவில்லை. என் வீட்டில் இன்று திண்ணை கிடையாது. அந்த ஸ்தானத்தில் ஒரு சர்வர் இருக்கிறது. நாய் மட்டும் நாயாகவே இருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் குடித்தனம் செய்கிறவன் என்ற முறையில் என் மனத்தில் ஊறிய ஓர் எண்ணத்தை இன்று சொல்ல விரும்புகிறேன்.

சர்வர் என்றதும் குளிரூட்டிய மண்டபத்தில் அணிவகுத்து நிற்கும் இரும்பு அலமாரிகளை நினைக்க வேண்டியதில்லை. திரையின் ஓரம் உடைந்துபோன ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, புத்தக அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். பாட்டரி இன்னும் தாங்குவதால் மின்சாரம் நின்றாலும் அது உடனே அணைந்துவிடுவதில்லை. மோடத்துக்கென்று சிறிய யூ.பி.எஸ். ஒன்று தனியாக உண்டு. வீட்டு இணைப்புகள் பலவும் அநேக வீடுகளுக்குப் பொதுவான ஒரே முகவரியைப் பங்கிட்டுக்கொள்பவை ஆதலால், அப்படிப்பட்ட வீட்டை வெளியிலிருந்து வருகிறவர் அடையாளம் கண்டு கதவைத் தட்ட வழியில்லை. அதன்பொருட்டுத் தனிக் கட்டணம் செலுத்தி மாறாத முகவரி ஒன்றும் வாங்கினேன்.

அந்த இயந்திரத்தில் இருப்பது என் தகப்பனார் எழுதி வைத்த மழைக் கணக்கு. மலையடிவாரத்தில் சிறு நிலம் வைத்திருந்த அவர், மழை பெய்த ஒவ்வொரு நாளும் காலையில் மழைமானியின் அளவைப் பார்த்து, நீள நோட்டில் தேதியும் தமிழ் மாதமும் போட்டு, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதையும் ஒரு வரியில் குறித்து வைப்பார். அந்த நோட்டுகளை அவர் காலத்துக்குப் பிறகு நான் தட்டச்சு செய்து, பக்கங்களின் படங்களோடு சேர்த்து, கேட்பவர்க்கெல்லாம் கிடைக்கும்படி வைத்திருக்கிறேன். 1992 நவம்பரில் தாமிரபரணி கரைபுரண்ட நாட்களின் பக்கங்களைத்தான் அதிகம் பேர் திறந்து பார்க்கிறார்கள். மையில் மழைச் சாரல் பட்டு எழுத்துக் கலைந்த இடம் ஒன்று அப்பக்கங்களில் உண்டு. அதை நான் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

வலை என்னும் ஏற்பாடே ஆதியில் இத்தகைய காரியத்துக்காகத்தான் தோன்றியது என்பது என் திடமான நம்பிக்கை. ஜினீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் 1990-ஆம் ஆண்டின் இறுதியில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலைச் சர்வரை ஓட்டியபோது அதற்கென்று மாளிகை எதுவும் எழுப்பப்படவில்லை. அவர் மேஜைமேல் இருந்த நெக்ஸ்ட் கணினியே சர்வர். யாரேனும் தெரியாமல் அணைத்துவிடப் போகிறார்களே என்று, இது சர்வர், இதை நிறுத்தக்கூடாது என்று சிவப்பு மையில் கையால் எழுதிய காகிதத் துண்டை அதன்மேல் ஒட்டி வைத்தார். அவர் செய்த முதல் உலாவியில் படிக்கவும் முடியும், அதிலேயே எழுதித் திருத்தவும் முடியும். படிப்பவன் ஒரு ஜாதி, எழுதுபவன் ஒரு ஜாதி என்ற பேதம் அவர் மனத்தில் இருக்கவில்லை. 1993 ஏப்ரல் 30-ஆம் தேதி செர்ன் நிறுவனம் அந்த மென்பொருளை எவ்வித உரிமைத் தொகையும் இன்றி உலகத்துக்கே தந்துவிட்டது. இன்று நாம் பெரிய நிறுவனங்களின் இடத்தில் வாடகைக்குக் குடியிருப்பது சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆயினும் சொந்த வீட்டிலிருந்து, சொந்தக் குரலில், கேட்டவர்க்குப் பதில் சொல்லும் கௌரவம் வேறு.

நாயின் பெயர் வீரன், ராஜபாளையம் ஜாதி. பாளையக்காரர்கள் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த பரம்பரை. 2005-ல் அஞ்சல் துறை நம் நாட்டு நாய்கள் நான்கிற்குத் தபால்தலை வெளியிட்டபோது இதற்கும் ஒன்று கிடைத்தது. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. ஆண் நாயின் தோளுயரம் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை இருக்கும். ஆகவே நடுத்தர வீட்டின் கூடத்தில் அது ஒருமுறை திரும்பி நிற்பதென்றாலே ஸ்டூலும் டம்ளரும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதுதான். அதன் வால், சாட்டையைப் போல் என்று சொல்லமாட்டேன், சாட்டையேதான். மகிழ்ச்சி வந்து அதை வீசினால் மோடத்தின் வயர் பிடுங்கிக்கொண்டு, மழைக் கணக்கு உலகத்தின் பார்வையிலிருந்து மறைந்துவிடும். அதனால்தான் எல்லாம் மேல்தட்டுக்கு ஏறின. உதிரும் குட்டை ரோமம் விசிறிக்குள் புகுந்து அடைத்துக்கொண்டால் இயந்திரம் சூடேறும். மாதத்துக்கு ஒருமுறையாவது திறந்து தூரிகையால் துடைத்தாக வேண்டும். மார்கழிக் குளிரில் விசிறி வெளியே தள்ளும் சூடான காற்று வந்து படும் மூலையாகப் பார்த்து, முன்னங்கால்கள் இரண்டையும் நீட்டி அவற்றின்மேல் தாடையை வைத்து அது படுத்திருப்பதைப் பார்க்கும்போது, இயந்திரத்தின் வீணான உஷ்ணமும் ஒரு ஜீவனுக்குப் பிரயோஜனப்படுகிறதே என்று எனக்கு உண்மையாகவே சந்தோஷம் உண்டாகிறது.

இப்பொழுது என் எண்ணத்துக்கு வருகிறேன். சர்வரும் நாயும் ஒரே வாசலில் நிற்பவை. ஆனால் சுபாவத்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிர். சர்வர் தட்டியவர்க்கெல்லாம் பதில் சொல்லும். நாய் தட்டியவர் எல்லோரையும் சந்தேகிக்கும். கிருகஸ்தனுடைய கடமை, சர்வருக்கு மறுக்கக் கற்பிப்பதும் நாய்க்கு ஏற்கக் கற்பிப்பதுமாகும்.

சர்வரின் லாக் என்னும் பதிவேட்டைப் படித்தால் அதன் வெகுளித்தனம் விளங்கும். வைத்த முதல் நாளே, மழையைப் பற்றி எதுவும் கேட்காதவர்கள் வந்துவிட்டார்கள். வேர்ட்பிரஸ் மென்பொருளின் நுழைவுப் பக்கம் எங்கே என்று ஒரு வரி; அந்த மென்பொருள் என் வீட்டில் இல்லவே இல்லை, அதனால் அப்படி ஒரு பக்கம் இல்லை என்று பொருள்படும் 404 பதிலாகப் போயிருக்கிறது. தொலைவிலிருந்து இயந்திரத்துக்குள் நுழையும் வழியான 22-ஆம் போர்ட்டில், ரூட் என்றும் அட்மின் என்றும் பெயர் சொல்லிக்கொண்டு கடவுச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்க்கும் வரிகள் இரவெல்லாம் தொடர்ந்தன. இவர்கள் மனிதர்கள் அல்லர். உலகின் எல்லா முகவரிகளையும் வரிசையாகத் தட்டிக்கொண்டு போகும் நிரல்கள். என்மேல் அவற்றுக்குத் தனி விரோதம் ஒன்றும் கிடையாது. ஆகவே கடவுச்சொல்லால் நுழையும் வழியையே அடைத்து, சாவிக் கோப்பு உள்ளவர் மட்டும் வரலாம் என்று வைத்தேன். மீண்டும் மீண்டும் தவறாகத் தட்டும் முகவரியைச் சிறிது காலத்துக்கு ஒதுக்கிவைக்க ஒரு நிரலையும் அமர்த்தினேன். பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தால் அன்றைக்கே போட்டுவிடுகிறேன். நல்ல விருந்தாளியும் உண்டு: தேடுபொறிகளின் நிரல்கள், 1994-ல் மார்டைன் கோஸ்டர் முன்மொழிந்த சம்பிரதாயப்படி, எங்கெல்லாம் போகலாம், எங்கெல்லாம் போகக்கூடாது என்று எழுதி வைத்த சிறு கோப்பை முதலில் வாசித்துவிட்டே உள்ளே வருகின்றன. அதை மீறுகிறவனைத் தடுக்க அந்தக் கோப்புக்குச் சக்தி கிடையாது. மானமுள்ளவனை மட்டும் கட்டும் கட்டு அது. இருந்தும் அதை நான் மதிக்கிறேன்.

நாயின் பாடம் இதைவிடக் கடினம். ஏனெனில் அதற்குக் காலம் உண்டு. ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் இருவரும் அமெரிக்காவில் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1965-ல் வெளியிட்ட நூலில், குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரையிலான பருவமே அது மனிதர்களோடு இணங்கக் கற்கும் பருவம் என்று காட்டினார்கள். ராஜபாளையமோ ஒரே எஜமானிடம் ஒட்டிக்கொண்டு, மற்றவர் கை தொடுவதையே விரும்பாத ஜாதி. ஆதலால் குட்டியாக வந்த அந்த வாரங்களில், பால்கார அம்மாவும், தபால்காரரும், அடுத்த வீட்டுக் குழந்தைகளும் ஆளுக்கொரு துண்டு வேகவைத்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்து போனார்கள். இப்பொழுதும் புதிய கூரியர் பையன் யாராவது வந்தால், என் மனைவி உள்ளிருந்தபடியே, ‘இருங்க தம்பி, அவனைக் கட்டிட்டு வந்துடறேன்’ என்று குரல் கொடுப்பாள். அந்தப் பையனுக்கு உரிய மரியாதை அது. நாயை நம்பு, ஒன்றும் செய்யாது என்று சொல்லி அந்நியரை உள்ளே அழைக்கும் வழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை.

இத்தனையும் கேட்டு யாருக்கேனும் ஆசை பிறந்திருக்குமானால் இரண்டு வார்த்தை. இந்த ஜாதியில் காது கேளாமலே பிறக்கும் குட்டிகள் உண்டு. ஆகவே வாங்குமுன் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள், திரும்பாவிட்டால் அதற்கேற்ற பொறுமை உங்களிடம் உண்டா என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஓடித் திரிய இடமில்லாத அடுக்ககத்துக்கு இதைக் கொண்டுபோகாதீர்கள். சர்வருக்கு இடம் வேண்டாம்; பரணில் கிடக்கும் பழைய கணினி போதும். அதில் என்ன வைப்பது என்று கேட்பீர்களானால், உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் கைப்பட எழுதி வைத்த நோட்டு இருக்கும். முதலில் அதைத் தேடி எடுத்து, செல்லரித்துப் போவதற்குள் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வையுங்கள்.